ஆறு மை இருந்தால் நிறம் கூடுமா? புகைப்பட பிரிண்டர்களில் கூடுதல் வண்ணங்கள் செய்யும் வேலை என்ன?

வைட்ஃபீல்ட் (பெங்களூரு): பெங்களூரு நகரின் கிழக்கே அமைந்துள்ள வைட்ஃபீல்டிலும் அதனைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் ஆண்டின் தொடக்க மாதங்களில் டபேபுயா மரங்கள் இலையுதிர்த்து, இளஞ்சிவப்புப் பூக்களால் நிறைகின்றன. அவற்றைப் படம் பிடிப்பதற்காகவே மக்கள் கூடுகின்றனர். கைபேசித் திரையில் மிளிரும் அப்படங்கள் தாளில் அச்சாகும்போது மென்மையான பூவிதழ் புள்ளி புள்ளியாகத் தெரிவதும், மார்ச் மாதத்தில் பூக்கும் ஜகரண்டாவின் நீல ஊதா மங்கிப்போவதும் பலரும் கண்ட அனுபவம்.

இக்குறைகளுக்குத் தீர்வாகச் சந்தையில் முன்வைக்கப்படுவது கூடுதல் மை. நான்கு மைகள் கொண்ட சாதாரண பிரிண்டருக்கு மேலாக 6, 8, 10, 12 மைகள் கொண்ட புகைப்பட பிரிண்டர்கள் விற்பனையில் உள்ளன. மை எண்ணிக்கை உயர உயர, விலையும் பராமரிப்புச் செலவும் உயர்கின்றன. ஆனால் மை கூடினால் அச்சிடக்கூடிய நிறங்களின் வீச்சும் கூடுமா? எந்த மை கூட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

மூன்று பிரிண்டர்கள், மூன்று விதமான ஆறு மைகள்

இந்தியச் சந்தையில் அறிமுகமான மூன்று மாடல்களே இதற்குச் சான்று. எப்சன் நிறுவனத்தின் எல்8050 மாடலில் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்குடன் வெளிர் சயான், வெளிர் மெஜந்தா என்னும் இரு மைகள் உள்ளன. அதே நிறுவனத்தின் எல்8180 மாடலில் அடிப்படை நிறங்களோடு இரண்டாவது கருப்பும் ஒரு சாம்பல் நிற மையும் உள்ளன. கேனான் நிறுவனத்தின் பிக்ஸ்மா ஜி670 மாடலிலோ கூடுதலாக இருப்பவை சிவப்பும் சாம்பலும் ஆகும்.

மூன்றுமே ஆறு மை பிரிண்டர்கள். ஆனால் முதலாவது மென்மையான நிறப் படிநிலைகளுக்காகவும், இரண்டாவது ஆழ்ந்த கருப்புக்கும் நடுநிலையான சாம்பலுக்காகவும் வடிவமைக்கப்பட்டவை. மூன்றாவதில் மட்டுமே அடிப்படை நான்கிலும் இல்லாத ஒரு புது நிறம் சேர்க்கப்பட்டுள்ளது. எனவே, பெட்டியின் மேல் அச்சிடப்பட்டுள்ள எண்ணை மட்டும் கொண்டு நிற வீச்சை மதிப்பிட இயலாது.

நான்கு மை எங்கே தடுமாறுகிறது?

திரை ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் தாளின் மீது படியும் மை, ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியை மட்டுமே கண்ணுக்கு அனுப்புகிறது. சயான் சிவப்பு ஒளியையும், மெஜந்தா பச்சை ஒளியையும், மஞ்சள் நீல ஒளியையும் விழுங்க வேண்டும் என்பது கோட்பாடு. அப்படியானால் இம்மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்து எல்லா நிறங்களையும் பெற்றுவிடலாம்.

நடைமுறையில் எந்த மையும் அவ்வளவு தூய்மையானதன்று. மெஜந்தா மை பச்சை ஒளியோடு நீல ஒளியிலும் ஒரு பங்கை விழுங்குகிறது. சயான் மையும் பச்சை, நீல ஒளிகளில் சிறிது பங்கை எடுத்துக்கொள்கிறது. நீல நிறம் வேண்டி இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும்போது, தாளிலிருந்து திரும்ப வேண்டிய நீல ஒளியையே இரு மைகளும் குறைத்துவிடுகின்றன. அதனால் அச்சில் நீலம் இருண்டு, கருஞ்சாயலுடன் வெளிப்படுகிறது. சயானும் மஞ்சளும் சேர்ந்து தரும் பச்சையிலும் இதே இழப்பு உண்டு.

மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து தரும் சிவப்பில் இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு. மெஜந்தா தேவையின்றி விழுங்கும் நீல ஒளியை மஞ்சள் மை எப்படியும் விழுங்கவே போகிறது என்பதே காரணம். நான்கு மை அச்சில் குங்குமச் சிவப்பு ஓரளவு திருப்தியாக வருவதும், செறிந்த நீலம் ஏமாற்றம் அளிப்பதும் இதனால்தான். காஞ்சிபுரம் பட்டில் புகழ்பெற்ற ‘எம்.எஸ். நீலம்’ போன்ற நிறங்களைத் திருமண ஆல்பத்திலோ விற்பனைப் பட்டியலிலோ அச்சிடுவோர் சந்திக்கும் சிக்கல் இப்பகுதியைச் சேர்ந்ததே.

ஒரு பிரிண்டர் குறிப்பிட்ட தாளில் வெளிப்படுத்தக்கூடிய நிறங்கள் அனைத்தின் தொகுப்பே அதன் நிற வீச்சு எனப்படுகிறது. நிறத்தின் சாயல், ஒளிர்வு, செறிவு ஆகிய மூன்றும் சேர்ந்து அமைவதால், அதனை ஒரு முப்பரிமாண உருவமாகவே வல்லுநர்கள் வரைகின்றனர். இதற்கான அளவுமுறையாக 1976-ஆம் ஆண்டு சர்வதேச ஒளியியல் ஆணையம் பரிந்துரைத்த ‘லேப்’ நிறவெளி இன்றும் பயன்படுத்தப்படுகிறது.

வீச்சை விரிக்கும் மை எது, விரிக்காத மை எது என்பதை விளங்கிக்கொள்ளப் புள்ளிக்கோலம் உதவும். கோலத்தின் எல்லைக்குள் மேலும் புள்ளிகளை இட்டால் கோடுகள் நெருக்கமாகவும் நுட்பமாகவும் அமையும். கோலத்தின் பரப்பு மாறாது. எல்லைக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தால்தான் கோலம் பெரிதாகும். வெளிர் மைகளும் சாம்பல் மைகளும் உள்ளே வைக்கும் புள்ளிகள். ஆரஞ்சு, பச்சை, ஊதா, சிவப்பு, நீலம் போன்ற தனிநிற மைகள் வெளியே வைக்கும் புள்ளிகள்.

வெளிர் மை தருவது மென்மை

இன்க்ஜெட் பிரிண்டரின் ஒரு முனையிலிருந்து வெளிவரும் மையின் அடர்த்தியை மாற்ற இயலாது. துளி விழும் அல்லது விழாது. பல மாடல்களில் துளியின் அளவைச் சில படிகளில் மாற்றலாம், அவ்வளவே. டபேபுயா இதழின் இளஞ்சிவப்பை நான்கு மை பிரிண்டர் உருவாக்க வேண்டுமெனில், அடர் மெஜந்தா துளிகளை வெள்ளைத் தாளில் இடைவெளி விட்டுத் தூவ வேண்டும். தொலைவிலிருந்து அது இளஞ்சிவப்பாகத் தெரியும். கண்ணருகே கொண்டுவந்தால் தூவிய புள்ளிகள் மணல்போல் தென்படும். முகத்தின் தோல் நிறம், விடியற்கால வானம் ஆகியவற்றிலும் இதே குறை புலப்படும்.

வெளிர் மெஜந்தா மை இதனைச் சரிசெய்கிறது. எடுத்துக்காட்டாக, அடர் மையின் நான்கில் ஒரு பங்கு வலிமை கொண்ட வெளிர் மையைப் பயன்படுத்தினால், முன்பு பரப்பில் பத்து விழுக்காடு மட்டுமே மூடிய இடத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு மூட வேண்டியிருக்கும். புள்ளிகள் நெருங்குகின்றன, தாளுக்கும் புள்ளிக்கும் இடையிலான வேறுபாடும் குறைகிறது. இதனால் மணல்தன்மை மறைகிறது. ஆனால் அதே இளஞ்சிவப்பை அடர் மையும் சராசரியாகத் தந்துவிட முடியும் என்பதால், நிற வீச்சு ஏறக்குறைய முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது.

1990-களின் பிற்பகுதியில் வீட்டுப் பயன்பாட்டுக்கான ஆறு மை புகைப்பட பிரிண்டர்கள் பரவியபோது, அவற்றின் நோக்கம் இந்த மென்மையே. புகைப்பட ஸ்டுடியோக்களின் வழக்கமான வண்ணத் தாளில் சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்று சாயப் படலங்களே உள்ளன. ஆயினும் அங்கே சாயத்தின் அடர்த்தியே இடத்துக்கு இடம் தொடர்ச்சியாக மாறுவதால் புள்ளிகள் தெரிவதில்லை. அத்தாளின் வழவழப்பை இன்க்ஜெட் எட்டுவதற்கு வெளிர் மைகள் துணைநின்றன.

பின்னர் துளிகளின் அளவே சுருங்கியது. 2004-இல் வெளியான எப்சன் ஆர்800 பிரிண்டர் 1.5 பிகோலிட்டர் அளவுள்ள துளியை வெளியிட்டது. ஒரு பிகோலிட்டர் என்பது ஒரு லிட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. துளி சிறுக்கச் சிறுக்க, வெளிர் மைகளின் தேவையும் குறைகிறது. அந்த ஆர்800 மாடலில் வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் இடம்பெறவில்லை. அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் நீலமும் சேர்க்கப்பட்டன.

சாம்பல் மைகளின் பணியும் வீச்சைச் சார்ந்ததன்று. சயான், மெஜந்தா, மஞ்சள் ஆகியவற்றைக் கலந்து உருவாக்கும் சாம்பல், மையின் அளவு சற்றே மாறினாலும் பச்சையாகவோ செம்மையாகவோ சாயும். அறையின் விளக்கொளி மாறினாலும் அச்சாயல் மாறக்கூடும். தனிச் சாம்பல் மை அதைத் தடுக்கிறது. கருப்பு வெள்ளைப் படங்களை அச்சிடுவோருக்கு இது மிகப் பெரிய உதவி.

எல்லையை நகர்த்தும் தனிநிற மைகள்

இதற்கு மாறாக, ஊதா நிறத்துக்கென ஒரு தனி மை இருந்தால், சயானையும் மெஜந்தாவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச வேண்டியதில்லை. ஒரே மை, தேவையான ஒளியைத் திருப்பி அனுப்பி, தேவையற்றதை மட்டும் விழுங்குகிறது. இரு மைகளின் குறைகள் கூடி நிறத்தை இருளடையச் செய்வது தவிர்க்கப்படுகிறது. அதனால் அதே ஒளிர்வில் கூடுதல் செறிவு கிடைக்கிறது.

பெங்களூரின் பூமரங்களைக் கொண்டே இதனைச் சோதிக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பிகல், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும் வகையில் சாலை மரங்களைத் திட்டமிட்டவர். 1980-களில் வன அதிகாரி நெகின்ஹால் தலைமையில் நகரெங்கும் லட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பட்டன. அம்மரபின் பயனாக இன்று நகரில் காணும் நிறங்கள் அச்சுக்கு நல்ல சோதனைக்களம். ஜகரண்டாவின் நீல ஊதா, ஊதா மையை வேண்டுகிறது. குல்மோஹரின் செவ்வாரஞ்சு நிறத்துக்குச் சிவப்பு அல்லது ஆரஞ்சு மை துணைபுரியும். வெயில் ஊடுருவும் புங்கந்தளிரின் பச்சைக்குப் பச்சை மை கைகொடுக்கும். டபேபுயாவின் வெளிர் இளஞ்சிவப்புக்கோ இவற்றில் எதுவும் தேவையில்லை. அதற்கு வெளிர் மெஜந்தா போதும்.

இந்தச் சிந்தனை அச்சுத் துறைக்குப் புதிதன்று. 1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகம் கையாண்ட வண்ணக் கல் அச்சுமுறையில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் வீதம் பல கற்களிலிருந்து ஒரே படம் உருவானது. இன்றைய ஆப்செட் அச்சிலும் நான்கு வண்ணங்களில் அடங்காத நிறத்தைத் தனியே கலந்து ‘ஸ்பெஷல் கலர்’ என ஐந்தாவதாக ஓட்டும் வழக்கம் உண்டு. 1990-களின் நடுவில் பான்டோன் நிறுவனம் நான்கு மைகளுடன் ஆரஞ்சையும் பச்சையையும் சேர்த்து ‘ஹெக்ஸாகுரோம்’ என்னும் ஆறு வண்ண முறையை அறிமுகப்படுத்தியது. பின்னர் அந்த முறை கைவிடப்பட்டாலும், அதன் அடிப்படைக் கருத்து இன்க்ஜெட் பிரிண்டர்களில் தொடர்கிறது.

ஒரே இடத்துக்கு இரு தேர்வுகள்

இரு வகை மைகளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவது, 2015-இல் எப்சன் வெளியிட்ட ஷ்யூர்கலர் பி7000, பி9000 வரிசை. ஆரஞ்சு, பச்சை மைகள் ஏற்கெனவே இடம்பெற்ற அந்தப் பெரிய பிரிண்டர்களில், ஓர் இடத்துக்கு மட்டும் வாங்குவோருக்குத் தேர்வு அளிக்கப்பட்டது. அங்கே மிக வெளிர்ந்த சாம்பல் மையைப் பெறலாம். அல்லது ஊதா மையைப் பெறலாம். கருப்பு வெள்ளைப் படங்களைக் காட்சிக்கு வைக்கும் கலைஞர் முதலாவதையும், நிறுவன முத்திரை வண்ணங்களைத் துல்லியமாக ஒத்துப்பார்க்க வேண்டிய அச்சகத்தார் இரண்டாவதையும் தேர்ந்தெடுத்தனர். இயந்திரம் ஒன்றே, மைகளின் எண்ணிக்கையும் ஒன்றே. நிற வீச்சு மட்டும் வேறு.

எண்ணிக்கை கூடாமலே வீச்சு விரிந்த வரலாறும் உண்டு. 2005-இல் வந்த எப்சன் ஆர்2400 மாடலில் எட்டு மைகள் இருந்தன. 2008-இல் வந்த ஆர்2880 மாடலிலும் எட்டே. ஆனால் மெஜந்தா மை தூய்மையான புதிய நிறமியால் மாற்றப்பட்டது. அதனால் நீல, ஊதாப் பகுதிகளில் வீச்சு விரிந்தது. அடிப்படை மையின் குறையைக் களைவது, புதிய மையைச் சேர்ப்பதற்கு இணையான பயனைத் தரும் என்பதை இது உணர்த்துகிறது.

கேனான் நிறுவனத்தின் பிக்ஸ்மா புரோ9000 மாடலின் எட்டு மைகளில் சிவப்பும் பச்சையும் இருந்தன. 2012-இல் வந்த புரோ-100 மாடலும் எட்டு மைகளையே கொண்டது. ஆனால் சிவப்பும் பச்சையும் நீக்கப்பட்டு, இரு சாம்பல் மைகள் அவ்விடத்தைப் பிடித்தன. எச்.பி. நிறுவனத்தின் டிசைன்ஜெட் இசட்3200 பிரிண்டரில் 12 மைத்தொட்டிகள் இருந்தன. 2018-இல் அதே நிறுவனம் வெளியிட்ட இசட்9 பிளஸ் பிரிண்டரில் ஒன்பது மட்டுமே. வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் விலக்கப்பட, சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று தனிநிற மைகள் தக்கவைக்கப்பட்டன. ஆகவே, மை எண்ணிக்கை குறைந்த பிரிண்டர் தரம் தாழ்ந்தது என்று கருதுவதற்கில்லை.

தாளும் கோப்பும் விதிக்கும் எல்லை

மைகள் எத்தனை இருப்பினும், தாள் இடம் கொடுக்காவிட்டால் அவற்றின் பயன் வெளிப்படாது. பளபளப்பான புகைப்படத் தாளில் மை மேற்பரப்பை ஒட்டித் தங்குவதால் கருப்பு ஆழமாகவும் நிறங்கள் செறிவாகவும் அமைகின்றன. மேட் தாளிலோ பரப்பின் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்து, கருப்பைச் சாம்பலாக்கி, செறிவைக் குறைக்கிறது. மேட் தாளில் அச்சிடும் பன்னிரண்டு மை பிரிண்டரைவிட, பளபளப்புத் தாளில் அச்சிடும் ஆறு மை பிரிண்டர் பல நிறங்களில் விரிந்த வீச்சைக் காட்டக்கூடும்.

அடுத்தது, படக்கோப்பு. இணையத்துக்காக 1996-இல் எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் உருவாக்கிய எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியே கணினிகளிலும் இணையத்திலும் பொதுவழக்கு. நல்ல புகைப்பட பிரிண்டரின் வீச்சு சயான், பச்சைப் பகுதிகளில் இந்த நிறவெளியைத் தாண்டுகிறது. கோப்பு எஸ்.ஆர்.ஜி.பி. முறையில் சேமிக்கப்பட்டிருந்தால், தாண்டிய அந்தப் பகுதி பயன்படாமலே போகும். 1998-இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. நிறவெளி, அச்சுக்கான இப்பகுதிகளையும் உள்ளடக்குகிறது. கேமராவில் ‘ரா’ கோப்பாகப் படமெடுத்து, விரிந்த நிறவெளியில் திருத்துவோருக்கே கூடுதல் மையின் முழுப் பயனும் கிட்டும்.

மூன்றாவதாக, ‘புரொஃபைல்’ எனப்படும் நிற விவரக்கோப்பு. குறிப்பிட்ட பிரிண்டரும் மையும் தாளும் சேரும்போது எந்த எண்ணுக்கு எந்த நிறம் வரும் என்பதை அளந்து பதிவுசெய்வதே இக்கோப்பு. விலை குறைவு எனக் கருதி வேறு நிறுவனத்தின் மையை நிரப்பினாலோ, தாளை மாற்றினாலோ பழைய புரொஃபைல் பொருந்தாது. அப்போது, கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஊதா மை எங்கே, எவ்வளவு விழ வேண்டும் என்ற கணக்கே தவறிவிடும்.

அச்சுக்கு அடங்காதவை

எந்தக் கூடுதல் மையாலும் எட்ட முடியாத நிறங்களும் உள்ளன. பாவும் ஊடும் வெவ்வேறு நிறத்தில் நெய்யப்பட்ட ‘மயில் கழுத்து’ நிறப் பட்டு, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறுகிறது. சரிகையின் பளபளப்பு, உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி. தாளில் படியும் மை எக்கோணத்திலும் ஏறத்தாழ ஒரே நிறத்தையே காட்டும் என்பதால், இவற்றை ஒரு கணத்தின் தோற்றமாக மட்டுமே அச்சிட இயலும். புடவையின் நிறம் பட்டியலில் கண்டவாறு இல்லை என்று எழும் மனத்தாங்கல்கள் அனைத்துக்கும் பிரிண்டரை மாற்றுவது தீர்வாகாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

கூடுதல் மைக்குத் தொடர்செலவும் உண்டு. அச்சுமுனையைத் துப்புரவு செய்யும் ஒவ்வொரு முறையும், படத்தில் பயன்படாத மைகளும் செலவாகின்றன. நீண்ட நாள் அச்சிடாமல் வைத்திருந்தால், அரிதாகப் பயன்படும் மையின் முனையும் அடைத்துக்கொள்ளும். மாதத்துக்குச் சில படங்களை மட்டும் அச்சிடும் குடும்பத்துக்குப் பத்து மை பிரிண்டர் பாரமாகவே அமையும். அத்தகையோர் நல்ல அச்சகத்தில் கொடுத்து அச்சிடுவதே சிக்கனம்.

படம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதும் மை எண்ணிக்கையால் தீர்வதில்லை. கரைந்த சாயத்தாலான மையைவிட, நுண்துகள் நிறமியாலான மை பொதுவாக நீண்ட காலம் மங்காமல் இருக்கும். நிறப்பொருள் குறைவாகக் கலந்த வெளிர் மைகள் அடர் மைகளைவிட விரைவில் வெளிறும் இயல்புடையவை. தலைமுறைகளுக்குப் பாதுகாக்க வேண்டிய திருமணப் படங்களுக்கு இது முதன்மையான கருத்து.

ஆகவே, ‘எத்தனை மை?’ என்பதற்கு முன்பாக, ‘அடிப்படை நான்குக்கு மேல் இருப்பவை எவை?’ என்று வாங்குவோர் கேட்பது நலம். முகங்களும் குடும்பப் படங்களுமே முதன்மை எனில் வெளிர் மைகள் பயன் தரும். கருப்பு வெள்ளைப் படங்களில் ஆர்வம் உள்ளோர் சாம்பல் மைகளை நாடலாம். பூக்கள், பறவைகள், பட்டுத்துணிகள் ஆகியவற்றின் செறிந்த நிறங்களை அச்சிடுவோருக்கே ஊதா, ஆரஞ்சு, சிவப்பு, பச்சை மைகள் தேவை. விற்பனையாளரிடம் மாதிரிப் படம் கேட்பதைவிட, தாம் அச்சிட விரும்பும் படத்தையே, தாம் பயன்படுத்தப்போகும் தாளிலேயே அச்சிட்டுக் காட்டச் சொல்வது சிறந்த சோதனை. அந்தப் படத்தில் செறிந்த நீலமும் வெளிர் இளஞ்சிவப்பும் அருகருகே இருந்தால், இரு வகை மைகளின் வேலையும் ஒரே தாளில் தெரிந்துவிடும்.